பாஸான கியூப், பாஸாகாத தூண்

கேள்வி: நாடு முன்னேறத் தொழில்திறமை உள்ளவர்கள் இருந்தால் போதாதா? நேர்மை, அறம் என்பதெல்லாம் மேடைப் பேச்சுதானே?

பதில்: நாட்டு முன்னேற்றம் என்றால் பாலம், பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி. எல்லாம் கான்கிரீட். எம்25 கலவையில் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டிய கான்கிரீட்) ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், 160 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள்; தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50. கலவை இறுகிவிட்டது, பம்பில் ஏறவில்லை என்று 6 கனமீட்டர் லாரியில் 120 லிட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டால் 0.56. வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடலாம். விவரம் தெரியாமல் இதைச் செய்யும் மேஸ்திரியை 28ஆம் நாள் கியூப் சோதனை, அதாவது அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்ப்பது, காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்தே அனுமதிக்கும் என்ஜினீயரை?

அவர் அந்த லாரியிலிருந்து கியூப் எடுக்கவே மாட்டார். சிமெண்டைக் கூட்டித் தனியாகக் கலந்து, 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து குத்தி, மறுநாள் கழற்றித் தண்ணீரில் போடுவார். விதியில் ஒரு வரி பிசகாது. 57 டன் தாங்கினால் போதும் என்கிற கியூப் 70 டன் தாங்கும். தூணில் இருப்பது வேறு கலவை. இத்தனை சுத்தமான பொய்ச் சான்றைத் திறமை குறைந்தவரால் தயாரிக்க முடியாது, ஐயா.

இந்தப் பழக்கம் கல்லூரி ஆய்வகத்திலேயே ஆரம்பிக்கிறது: சோதனையைச் செய்யாமல் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதுவதும் இதே கைவேலைதான்.

ரிப்போர்ட்டில் வலிமை ஒவ்வொரு முறையும் சதுர மி.மீ.க்கு 31.2, 31.3, 31.2 நியூட்டன் என்றே வந்தால் சந்தேகப்படுங்கள். நிஜக் கியூப்கள் அவ்வளவு ஒத்துப்போகாது. சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலக, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இடம் தந்திருப்பது சும்மா இல்லை. சந்தேகம் தீராவிட்டால் கட்டடத்திலேயே குறைந்தது மூன்று கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அவற்றின் சராசரி, கியூபுக்குரிய வலிமையில் 85 சதவீதம் இருக்க வேண்டும். எதுவும் 75க்குக் கீழே போகக்கூடாது.

கோர் வரை போகாமலிருக்க, கியூப் நிரப்பும்போதே உங்கள் ஆள் பக்கத்தில் நின்று, கையெழுத்திட்ட சீட்டை ஈரக் கலவையின் மேல் பதிக்கட்டும். ஆய்வகக் கட்டணத்தை ஒப்பந்ததாரர் கையில் கொடுத்துவிடாமல் நீங்களே கட்டுங்கள். ரிப்போர்ட்டும் நேரே உங்களுக்கு வரட்டும்.