தாத்தாவின் பெட்டியில் இரட்டைச் சிலுவை

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் சுதந்திர பிரான்ஸ் படையில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில், இரண்டு குறுக்குக் கம்பி உள்ள சிலுவையோடு கறுத்துப்போன ஒரு பதக்கம் கிடைத்தது. இது ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர்களுக்கான பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கப் பதக்கமா? எப்படி உறுதி செய்வது? துலக்கி மாட்டலாமா?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: முதல் வேலையாக, துலக்கும் எண்ணத்தை விடுங்கள். புளியோ பித்தளை பாலிஷோ பட்டால் வெண்கலத்தின் பழைய நிறம் போய்விடும், அது திரும்பாது. மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுங்கள், போதும். நாடாவை நனைக்கவே வேண்டாம்.

அடுத்து, அந்த இரட்டைக் கம்பிச் சிலுவை சுதந்திர பிரான்ஸின் சின்னமான லொரேன் சிலுவை; அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி, சுதந்திர பிரான்ஸின் தலைவர் ஜெனரல் தெகோல் பக்கம் சேர்ந்தது. இங்கிருந்து தொண்டர்களாகப் போனவர்கள் வீட்டில் இருக்கக்கூடியது பெரும்பாலும் வேறொன்று: சிலுவை வடிவத்திலேயே தொங்கும், நீல நாடாவில் சாய்ந்த சிவப்புக் கோடுகள் ஓடும். அது சுதந்திர பிரான்ஸ் சேவைக்கான நினைவுப் பதக்கம். அதுவும் பெருமைக்குரியதுதான், ஆனால் வேறு.

எதிர்ப்பு இயக்கப் பதக்கம், தெகோல் லண்டனில் இருந்தபடி 1943 பிப்ரவரி 9 அன்று உருவாக்கியது. வட்டமான வெண்கலம், 37 மில்லிமீட்டர் அகலம், கறுப்பு நாடாவில் சிவப்புக் கோடுகள். சிலுவைக்குக் கீழே 1940 ஜூன் 18 என்ற தேதி ரோமன் எண்களில் வளைந்து இருக்கும். ஜெர்மனியிடம் சரணடைய மறுத்து தெகோல் வானொலியில் பேசிய நாள் அது. திருப்பினால் விரிந்த நாடா ஒன்றில் லத்தீன் வாசகம்: தாயகம் மறப்பதில்லை. சுமார் 65,000 பேருக்குத்தான் இது கிடைத்தது, அவர்களில் பலருக்கு இறந்த பிறகு.

சரி, உங்களுடையது இதுதான் என்றே வைத்துக்கொள்வோம். பதக்கத்தில் பெயர் பொறிப்பதில்லை என்பதால் காகிதம்தான் சாட்சி. பெட்டியின் அடியில், பழைய ஓய்வூதியக் காகிதங்களுக்கு நடுவே சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாரிஸில் உள்ள 'விடுதலை ஆர்டர்' (Ordre de la Libération) என்ற விருது அமைப்பு பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. பாரிஸை ஒட்டிய வென்சேனில் உள்ள பிரெஞ்சு ராணுவ ஆவணக் காப்பகத்தில் எதிர்ப்பு இயக்கத்தவர் சுமார் 6 லட்சம் பேரின் கோப்புகள் உண்டு. தேடும்போது தாத்தாவின் பெயரை வீட்டில் அழைத்தபடி அல்ல, பிறப்புப் பதிவில் உள்ள பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். பிரெஞ்சு சட்டத்தை ஏற்க வழிவிட்ட 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சு குடும்பப் பெயர் எடுத்த வீடு என்றால் அந்தப் பெயரில் தேடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

மாட்டுவதைப் பற்றி: தனக்கு வழங்கப்படாத பதக்கத்தை அணிவது பிரான்ஸில் குற்றம். சட்டையில் குத்தாமல், தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், வெயில் படாத சுவரில் சட்டமிட்டு வையுங்கள்.