உயிரியலா, வேதியியலா? கடன் எதில் சீக்கிரம் அடையும்?

கேள்வி: மகள் நான்காண்டு அறிவியல் பட்டப்படிப்பில் சேரப்போகிறாள். ஒரு நாள் உயிரியல் என்கிறாள், மறுநாள் வேதியியல் என்கிறாள். என் சேமிப்பு இரண்டு ஆண்டுக்குத்தான் வரும், மீதிக்குக் கடன்தான். கைச்செலவுக்குப் பகுதிநேர வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். எந்தப் பாடம் எடுத்தால் கடன் சீக்கிரம் அடையும்?

பதில்: பாடத்தின் பெயரை வைத்துக் கடனைக் கணக்கிட முடியாது ஐயா. நான்கு ஆண்டில் முடிக்கிறாளா, ஐந்து ஆகிறதா என்பதுதான் உங்கள் பணத்தைத் தின்னும் கேள்வி.

ஆண்டுச் செலவை, ஆயிரமோ லட்சமோ, 25 என்று வைத்துக்கொள்வோம். கடன் வட்டி 10 சதவீதம், படிக்கும்போதே வட்டி ஏறுகிறது. முதல் இரண்டு ஆண்டைச் சேமிப்பில் ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுக்குக் கடன் வாங்கினால், பட்டம் கையில் வரும்போது கடன் ஏறக்குறைய 58. ஐந்தாவது ஆண்டு ஒன்று சேர்ந்தால் அதே கடன் 91. அந்த ஓராண்டுச் சம்பளம் போனது தனிக் கணக்கு.

ஐந்தாவது ஆண்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பாட வரிசையிலிருந்துதான். அறிவியலில் பாடங்கள் சங்கிலி போல. பொது வேதியியல் முடிக்காமல் கரிம வேதியியலில் உட்கார முடியாது. அதை முடிக்காமல் உயிர்வேதியியல் கிடையாது. நுண்கணிதம் தள்ளிப்போனால் இயற்பியலும் இயற்பிய வேதியியலும் சேர்ந்தே தள்ளிப்போகும். இதில் சில பாடங்களை ஆண்டுக்கு ஒரே ஒரு பருவத்தில்தான் நடத்துவார்கள். அதில் தவறினால் ஒரு பருவம் அல்ல, ஒரு வருடமே போச்சு. நானே கரிம வேதியியலில் ஒருமுறை கோட்டை விட்டவன், என் அப்பா கூடுதலாகக் கட்டிய தொகை இன்றும் நினைவிருக்கிறது.

முதல் ஆண்டில் இந்த இரண்டு துறைக்கும் பாதிக்கு மேல் பாடங்கள் ஒன்றாகவே இருக்கும்: பொது வேதியியல், பொது உயிரியல், கணிதம், இயற்பியல். அதனால் அவள் இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும் என்று நெருக்காதீர்கள். ஆனால் கணிதத்தில் எளிய வகுப்பு, கடினமான வகுப்பு என்று இரண்டு இருந்தால் கடினமானதை எடுக்கச் சொல்லுங்கள். வேதியியலில் தொடங்கி உயிரியலுக்கு மாறுவது அதிகச் சிரமமில்லை. எளிய கணிதத்தோடு உயிரியலில் இருந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் வேதியியலுக்கு வருகிறவர்கள்தான் பருவங்களை இழக்கிறார்கள்.

பகுதிநேர வேலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஆய்வக வகுப்பு பட்டத்துக்கான கணக்கில் ஒரு அலகுதான் (கிரெடிட்), ஆனால் ஒரு பிற்பகல் முழுக்க, மூன்று நான்கு மணி நேரம் பிடித்துக்கொள்ளும். ஆய்வறிக்கை எழுதுவது அதற்கு மேல். வாரத்தில் மூன்று ஆய்வகம் வந்தால் மாலை வேலைக்குத் தெம்பு இருக்காது. முதல் ஆண்டில் அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆய்வகக் கட்டணமும் தனியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, வேலை? வேதியியல் பட்டத்தோடு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் நுழைய வழி இருக்கிறது. உயிரியலில் இளநிலையோடு நிறுத்தினால் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சுமார்தான், பலர் மேற்படிப்புக்குப் போகிறார்கள். அவள் உயிரியலையே எடுத்தாலும் புள்ளியியலும் ஒரு நிரலாக்க மொழியும், பைத்தானோ ஆர்-ஓ, சேர்த்துப் படிக்கட்டும். தரவைக் கையாளத் தெரிந்த உயிரியல் மாணவிக்குக் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். மேற்படிப்பு முனைவர் பட்டம் என்றால் அதற்கும் கடன் என்று இப்போதே பயப்படாதீர்கள்: பல பல்கலைக்கழகங்களில் அறிவியல் முனைவர் மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. முதுநிலைக்குத்தான் பெரும்பாலும் சொந்தப் பணம்.

கடைசியாக ஒன்று. கடனை முதலில் வாங்கிவிட்டுச் சேமிப்பைப் பின்னால் வைத்தால், மேலே சொன்ன 58 நான்கு ஆண்டு முடிவிலேயே 70 ஆகிவிடும். கடன் வட்டி சேமிப்பு வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை சேமிப்புதான் முதலில் கரைய வேண்டும், அவசரத்துக்கு ஆறு மாத வீட்டுச் செலவை மட்டும் தொடாமல் ஒதுக்கிவிட்டு. அப்புறம், சேர்க்கைப் பணம் கட்டுவதற்கு முன், எட்டுப் பருவத்துக்கும் எந்தப் பாடம் எப்போது என்று மகளை ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். எது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கிறதோ, அதைச் சிவப்பு மையில் வட்டமிடட்டும்.