ஓட்டல் வாசலில் சார்ஜர்: 14 லட்சம் போடலாமா?

கேள்வி: விழுப்புரம் தாண்டி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சைவ உணவகம் நடத்துகிறேன். திருச்சி போகும் பக்கம். மாடியில் 10 அறைகள் கொண்ட லாட்ஜும் உண்டு. எலெக்ட்ரிக் காரில் வருகிறவர்கள் "சார்ஜிங் இருக்கா?" என்று கேட்கிறார்கள். சனிக்கிழமை ஏழெட்டுப் பேர், ஞாயிறு நாலைந்து பேர், மற்ற நாட்களில் ஒன்று அல்லது இரண்டு பேர். இரண்டு கன் (காரில் செருகும் முனை) உள்ள 60 கிலோவாட் சார்ஜருக்கு கேபிள், ஷெட், ஈபி செலவு எல்லாம் சேர்த்து 14 லட்சம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. எஃப்டியில் 8 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன் போடலாம் என்று எண்ணம். இன்னொரு நிறுவனம், "இடம் மட்டும் கொடுங்கள், யூனிட்டுக்கு 1 ரூபாய் 50 காசு தருகிறோம்" என்கிறது. எது நல்லது சார்? இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். லைசென்ஸ் வேண்டாம். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஒரு சேவை, மின்சார விற்பனை அல்ல என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தால் யாரும் வைக்கலாம்.

ஆனால் 14 லட்சத்தை நீங்கள் போட வேண்டாம். எஃப்டியைத் தொடாதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

யூனிட்டை 18 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள், ஜிஎஸ்டி தனி. ஈபிக்கு 10 ரூபாய் போகும். ஆப் கமிஷன், பராமரிப்பு, வழியில் வீணாகும் மின்சாரம் என்று இன்னொரு 2 ரூபாய். நிற்பது 6 ரூபாய். (இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள். உங்கள் ஈபி அலுவலகம் சொல்லும் கட்டணத்தை வைத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.) ஒரு கார் சராசரியாக 20 யூனிட் ஏற்றிக்கொண்டு போனால் கையில் 120 ரூபாய்.

இப்போது செலவுப் பக்கம். 8 லட்சத்துக்கு எஃப்டியில் 7 சதவீதம் இழக்கிறீர்கள், 6 லட்சம் லோனுக்கு 11 சதவீதம் கட்டுகிறீர்கள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 1.2 லட்சம். மெஷின் ஏழு வருஷம் உழைக்கும் என்று வைத்தால், தேய்மானம் ஆண்டுக்கு 2 லட்சம். மொத்தம் 3.2 லட்சம், அதாவது நாளொன்றுக்கு 880 ரூபாய் அளவில். இதை எடுக்க தினமும் ஏறக்குறைய 150 யூனிட் விற்க வேண்டும். ஏழெட்டு கார்கள், மழையோ வெயிலோ, செவ்வாயோ சனியோ.

நீங்களே சொன்ன எண்ணிக்கை வாரத்துக்கு 20 பேர். ஒரு நாளைக்கு மூன்று கார். கேட்ட அத்தனை பேரும் சார்ஜ் போட்டாலும் வருவது 360 ரூபாய்தான். மீதி 500 ரூபாயை இட்லி தோசைதான் தூக்க வேண்டும்.

தூக்குமா? நாலு பேர் டிபன் சாப்பிட்டால் 800 ரூபாய் பில், அதில் உங்களுக்கு 250 நிற்கும் என்று வைப்போம். மின்சாரத்தில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு! ஆனால் "சார்ஜிங் இருக்கா?" என்று கேட்டவர்களில் எத்தனை பேர் இல்லை என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள், எத்தனை பேர் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்? சாப்பிட்டுப் போனவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர்கள் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர்கள். சார்ஜருக்காகவே ஆப்பில் பார்த்து வரும் புதுக் குடும்பம்தான் லாபம். தினமும் ஒன்றிரண்டு புதுக் குடும்பம் வந்தால்கூட நல்லதுதான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சார்ஜர் யாருடையதாக இருந்தாலும் அந்த டிபன் பில் உங்கள் கல்லாவுக்குத்தான் வரும். அதற்காக மெஷினை வாங்கி உங்கள் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று, நீங்கள் இருக்கும் பக்கம். சென்னையில் முழுச் சார்ஜோடு கிளம்புகிறவர் விழுப்புரம் தாண்டும்போது 170, 180 கிலோமீட்டர் ஓடியிருப்பார். ஒரே மூச்சில் 250, 300 போகும் வண்டியென்றால் திருச்சி வரை இழுக்கப் பயப்படுவார், நிறுத்துவார். நல்ல இடம், சந்தேகமில்லை. ஆனால் ஞாயிறு மாலை ஊரிலிருந்து திரும்பும் கூட்டம் முழுக்க எதிர்ப்பக்கம் போகிறது. மீடியனைத் தாண்டி அவர்கள் உங்களிடம் வரப்போவதில்லை. அதோடு இதே சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022-லேயே தன் பங்க்குகளில் வேக சார்ஜர் வைத்துவிட்டது. நீங்கள் தனியாக இல்லை.

கொட்டேஷனில் உள்ள "60 கிலோவாட்" என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். இத்தகைய இரட்டை கன் மெஷின்களில் இரண்டு காரையும் ஒரே நேரத்தில் மாட்டினால் பொதுவாக ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். 30-இல் 20 யூனிட் ஏற 40 நிமிஷம். டிபன் நேரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது, மகிழ்ச்சி. ஆனால் சனிக்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பதரை வரைதான் உங்கள் கூட்டம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஆறு காருக்கு மேல் முடியாது. ஏழாவது வண்டிக்காரர் உங்கள் சர்வரிடம் சண்டை போடுவார்.

ஆகவே அந்த நிறுவனத்துக்கு இடம் கொடுங்கள். தினமும் 60 யூனிட் என்றால் மாதம் 2,700 ரூபாய் வரும். சின்னத் தொகைதான், ஆனால் உங்கள் பணம் ஒரு ரூபாய்கூட மாட்டவில்லை. ஒப்பந்தத்தில் மட்டும் இறுக்கமாக இருங்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது 18 சதவீதச் சார்ஜோடு ஒரு ஓட்டலில் நுழைந்தேன். ஆப்பில் பச்சை விளக்கு காட்டியது. போய்ப் பார்த்தால் சார்ஜர் முன்னால் டீசல் இன்னோவா ஒன்று ஹாயாக நிற்கிறது, கன் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருக்கிறார்கள். பார்க்கிங் பையன் வந்து, "சார், அது ரெண்டு வாரமா ஓடல" என்றான். நான் திட்டியது சார்ஜிங் நிறுவனத்தை அல்ல, ஓட்டலைத்தான். பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கெட்ட பெயர்.

அதனால் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: மெஷின் நின்றுபோனால் இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் அபராதம், தொடர்ந்து 30 நாள் ஓடாவிட்டால் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஈபி இணைப்பு அவர்கள் பெயரில், தனி மீட்டரில், டெபாசிட்டும் அவர்களுடையது. சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு வாங்க விதியில் இடம் இருக்கிறது, உங்கள் ஓட்டல் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க விடாதீர்கள். லோடு கூடி டிரான்ஸ்ஃபார்மர் வைக்கச் சொன்னால் அந்தச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பத்து வருஷ ஏகபோக உரிமை கேட்பார்கள், ஐந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முக்கியமாக, சராசரி விற்பனை நாளைக்கு 200 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு உங்கள் பங்கு 3 ரூபாயாக உயர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மேலே பார்த்த 150 நீங்களே மெஷின் வைத்தால் வரும் கணக்கு. உங்களுக்கு 1.50 கொடுத்தபின் அவர்களுக்கு யூனிட்டுக்கு 4.50-தான் நிற்கும், அதே செலவை எடுக்க ஏறக்குறைய 195 யூனிட் விற்க வேண்டும். அதற்கு மேல் அவர்களுக்கு லாபம் கொழிக்கும், உங்களுக்கும் பங்கு வரட்டும்.

சொந்தப் பணம் போடத்தான் வேண்டும் என்று கை அரித்தால், லாட்ஜுக்குப் போடுங்கள். அறை எடுத்தவர் இரவு பத்து முதல் காலை ஆறு வரை எங்கும் போகப்போவதில்லை. சாதாரண 3.3 கிலோவாட் பாயின்ட்டிலேயே 26 யூனிட் ஏறிவிடும். 7.4 கிலோவாட் ஏசி பாக்ஸ் (ஏசி என்றால் இங்கே மாறுமின்சாரம், குளிர்சாதனம் அல்ல) ஒன்று வைத்தால் 59 யூனிட் வரை, பெரும்பாலான கார்களுக்கு முழு பேட்டரி. விற்பனைப் பிரதிநிதி 22 கிலோவாட் ஏசி பாக்ஸைக் காட்டுவார். வேண்டாம். இங்கே ஓடும் பெரும்பாலான கார்கள் ஏசியில் 7.2-க்கு மேல் வாங்காது, பாக்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். இரண்டு 3.3 பாயின்ட், ஒரு 7.4 பாக்ஸ் போதும். எர்த்திங்கும் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) சரியாகப் போட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சாப்பிட வருகிறவருக்கு இது உதவாது. 40 நிமிஷத்தில் 7.4-இல் 5 யூனிட்தான் ஏறும், 30 கிலோமீட்டர்.

இந்த அறைச் சார்ஜிங்குக்குத் தனியாகக் காசு வாங்க வேண்டாம், வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள். தனியாக வாங்கினால் சார்ஜிங் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் உணவகமோ இன்புட் கிரெடிட் (பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாத 5 சதவீதத்தில் ஓடுகிறது. இரண்டையும் ஒரே பில் புத்தகத்தில் கலந்தால் ஆடிட்டர் தலையில் கை வைப்பார். சார்ஜர் மெஷினுக்கான ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான், அங்கே பிரச்சினை இல்லை.

மின்கட்டணத்தில் ஒரு விஷயம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குப் பகல் 9 முதல் 4 வரை மின்சாரத்தைச் சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் கொடுக்கச் சொல்கிறது. பில்லில் வருவது மாநில ஒழுங்குமுறை ஆணையம் வைக்கும் விலை, ஆனால் போக்கு இதுதான்: பகலில் மலிவு, காலையிலும் இரவிலும் விலை அதிகம். உங்கள் கூட்டமோ காலை டிபன் கூட்டம். யூனிட் விற்று லாபம் பார்க்கும் தொழிலை நீங்கள் எடுக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானியம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால், மத்திய அரசின் மின்வாகன ஊக்கத் திட்டமான பிஎம் இ-டிரைவில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ஒதுக்கீடு இருப்பது உண்மை. அதை நம்பி லோன் போடாதீர்கள். வந்தால் வரட்டும்.

கையெழுத்துப் போடும் முன், கல்லாவில் ஒரு நோட்டு வைத்து ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள்: கேட்டவர் வண்டி எது, எத்தனை மணி, சாப்பிட்டாரா, திரும்பிப் போனாரா. நிறுவனத்தோடு பேரம் பேச அந்த நோட்டுதான் உங்கள் துருப்புச் சீட்டு. சார்ஜர் இடத்தைச் சிலிண்டர் அறை, ஜெனரேட்டர் இரண்டிலிருந்தும் தள்ளிக் காட்டுங்கள். ஓட்டலுக்குத் தீ விபத்துப் பாலிசி இருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முன்வாசல் நிலம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா, அண்ணன் தம்பி பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கூட்டுப் பட்டா என்றால் ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.