இன்ஸ்புருக்கில் மூன்று இரவு: எங்கே தங்குவது, எந்த மலைக்குப் போவது?

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகரான இன்ஸ்புருக் நகரத்துக்குக் குறுகிய பயணமாக வர நினைப்பவர்களின் கேள்விகளுக்கு, அங்கே வசிக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: வணக்கம் அண்ணா. ஜூன் மாதம் நானும் கணவரும் மூன்று இரவு தங்குகிறோம். பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுக்கலாமா, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலா? இக்ல்ஸ் என்ற இடத்தில் மலை தெரியும் அறைகளும் கண்ணில் படுகின்றன.

வணக்கம் அம்மா. முதலில் ஒன்று: இந்த ஊரில் மலை தெரியும் அறைக்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 574 மீட்டரில் இருக்கிறது. வடக்கே அதை ஒட்டியே நிற்கும் நோர்ட்கெட்டே மலைத்தொடர் 2,300 மீட்டரைத் தாண்டுகிறது. பால் வாங்கத் தெருவில் இறங்கினாலே மலை முகத்துக்கு நேரே நிற்கும்.

பழைய நகரம் அழகுதான். தங்கக்கூரை இருப்பது அங்கேதான். பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் 1500ஆம் ஆண்டுவாக்கில் கட்டி முடித்த மாடம் அது. மேலே பொன் பூசிய 2,657 செப்பு ஓடுகள். பக்கத்துச் சந்துகளில் நூற்றாண்டுகள் பழைமையான விடுதிகள் இருக்கின்றன. வைஸஸ் குரோய்ஸ் என்ற விடுதியில் 1769ஆம் ஆண்டு டிசம்பரில் பதின்மூன்று வயது மோட்ஸார்ட் தன் தந்தையோடு தங்கினார். அப்படி ஓர் இடத்தில் படுத்தெழ ஆசைப்பட்டால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது வாகனம் நுழையாத பகுதி. பெட்டியைக் கல் பாவிய தெருவில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். கோடை இரவில் ஜன்னலைத் திறந்தால் கீழே உணவகங்களின் பேச்சும் மாதா கோவில் மணியும் சேர்ந்தே உள்ளே வரும். ஜன்னலைத் திறக்காமலும் முடியாது, ஏனென்றால் பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏ.சி. கிடையாது. ஜூன், ஜூலையில் 30 டிகிரியைத் தாண்டும் நாள்கள் இங்கே உண்டு. "ஆல்ப்ஸ்தானே, குளிரும்" என்று நம்பி வந்து வியர்த்தவர்கள் பலர்.

என்னைக் கேட்டால், ரயில் நிலையத்துக்கும் மரியா தெரேசியா தெருவுக்கும் இடைப்பட்ட பகுதி. நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கே கால் மணி நேர நடைதான். மூன்று இரவில் நீங்கள் நான்கைந்து முறையாவது ரயிலோ பஸ்ஸோ பிடிப்பீர்கள். நிலையம் பக்கத்தில் இருந்தால் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யலாம். அந்தச் சுதந்திரம் மலை நாட்டில் விடுதியின் நட்சத்திர எண்ணிக்கையைவிடப் பெரிது. ரயில் பாலத்தின் வளைவுகளுக்குள் இரவு மதுக்கூடங்கள் இயங்குகின்றன. அதற்கு நேர் எதிரே மட்டும் அறை வேண்டாம்.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் தெற்கே வில்டன். டிராம் உண்டு, விலையும் கொஞ்சம் இறங்கும். இக்ல்ஸ் மேட்டில் இருக்கிறது, காற்று குளிர்ச்சி, ஓய்வெடுக்க நல்ல இடம். ஒரு வாரம் தங்குபவர்களுக்கு அதைச் சொல்வேன். மூன்று இரவுக்காரர்கள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கடைசி பஸ்ஸை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

சென்னையிலிருந்து ஒருவர்: அப்பா அம்மா இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. விடுதியில் எதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்?

லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, "தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி?" என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் தரைத்தளமே அரை மாடி உயரத்தில் இருக்கும். எட்டுப் பத்துப் படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் தொடங்கும். அடுத்தது குளியலறை. தொட்டிக்குள் கால் தூக்கி வைத்து நின்று குளிக்கும் ஏற்பாடு அம்மாவுக்கு ஆகாது. தொட்டி இல்லாத ஷவர் அறை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் எல்லா விடுதியிலும் இருக்காது. காலைக் காபி அறையிலேயே வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

நால்வர் ஓர் அறையில் தங்கலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை, மிஞ்சினால் மூவர். அடுப்படியோடு கூடிய வாடகை வீடு நல்ல வழிதான். ஆனால் துப்புரவுக் கட்டணம் என்று ஒரு தொகையை ஒரே தடவையாகச் சேர்ப்பார்கள். இரண்டு இரவுக்கு அதைப் பிரித்துப் பார்த்தால் விடுதியே மலிவாக முடியலாம். தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரியும் உண்டு. பதிவு செய்யும்போது காட்டிய விலையில் அது அடங்காமல் இருக்கலாம்.

மலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நோர்ட்கெட்டே கேபிள் காரின் உச்சி நிலையமான ஹாஃபலேகார் 2,256 மீட்டர். நகரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அந்த உயரத்துக்கு ஏறிவிடுவீர்கள். உடம்புக்குப் பழக நேரமே இருக்காது. இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இடை நிலையமான சேகுரூபே 1,905 மீட்டர். அங்கே நாற்காலி போட்டு உட்கார உணவகம் இருக்கிறது, நகரம் முழுவதும் காலடியில் தெரியும். பெரியவர்களுக்கு அதுவே நிறைவாக இருக்கும்.

சூரிச்சிலிருந்து ஒரு தம்பி: நாங்கள் ரயிலில் மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவோம். சுவிட்சர்லாந்தில் எல்லா மலையும் பார்த்தாயிற்று. நோர்ட்கெட்டேயில் புதிதாக என்ன?

மலையில் புதிது ஒன்றும் இல்லை, தம்பி. புதிது அந்த வழி. பழைய நகரத்தின் ஓரத்தில், மாநாட்டு மண்டபத்தின் அருகே தரைக்கடியில் இருந்து இழுவை ரயில் கிளம்புகிறது. அதன் நான்கு நிலையங்களையும் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்தார், 2007இல் திறந்தார்கள். பனி உருகி உறைந்ததுபோல வளைந்த கண்ணாடிக் கூரைகள். இன் ஆற்றைக் கடந்து ஹுங்கர்பூர்க் வரை அது. அங்கிருந்து இரண்டு கட்டமாகக் கேபிள் கார். உச்சியில் தெற்கே பார்த்தால் ஒரு நகரமே, விமான ஓடுபாதை உட்பட. அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் கார்வெண்டல் மலைகள். ஒரு வீடுகூடக் கண்ணில் படாது. இந்த இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. தெற்கே தெரியும் பெர்கிஸல் பனிச்சறுக்குத் தாவுமேடையும் ஸாஹா ஹதீத் வடிவமைத்ததே.

காலையில் போங்கள். கோடையில் பிற்பகலில் மேகம் கட்டி இடி இறங்கும். தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று பலமாக வீசும் நாளில் மேல் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள்; அன்று நகரத்தில் வானம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், உங்களுக்குக் காரணமே புரியாது. கிளம்பும் முன் உச்சியின் நேரலைக் கேமராவையும் இயக்க நிலையையும் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: எங்கள் திட்டம்: முதல் நாள் ஹால்ஸ்டாட், இரண்டாம் நாள் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, மூன்றாம் நாள் சால்ஸ்பர்க். எல்லாவற்றுக்கும் இன்ஸ்புருக்கிலிருந்தே போய்வரலாம் அல்லவா?

போய்வரலாம். இன்ஸ்புருக்கைப் பார்க்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

ஹால்ஸ்டாட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது சால்ஸ்பர்க் பக்கம். இங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது ரயில் ஜன்னலுக்கு நடத்தும் பயணம். நொய்ஷ்வான்ஸ்டைன் ஜெர்மனியில் இருக்கிறது. வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் நடுவே மலை. நேரடி ரயில் இல்லை. கோட்டைக்குள் நுழைய நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டும். சொந்தக் கார் அல்லது ஒரு நாள் சுற்றுலா பஸ் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சால்ஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் எட்டும். ஆனால் அந்த ஊருக்கு ஓர் இரவு கொடுப்பதே மரியாதை. அடுத்து வியன்னாவுக்குப் போகிறீர்கள் என்றால் வழியில்தான் இருக்கிறது, அப்போது இறங்குங்கள்.

ஒரு நாள் பயணத்துக்கு என் கணக்கு எளிது: போக ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள்ளேயே கை கொள்ளாத அளவு இருக்கிறது. உள்ளூர் ரயிலில் பத்து நிமிடத்தில் ஹால். உப்பால் பணக்கார ஊரானது, 1486இல் பெரிய வெள்ளிக் காசை அச்சிட்ட நாணயச்சாலை உள்ளது. அதன் பழைய நகரம் இன்ஸ்புருக்குடையதைவிடப் பெரிது, கூட்டம் பத்தில் ஒரு பங்கு. அந்தக் காசுகளுக்கு வெள்ளி கொடுத்த ஷ்வாட்ஸ் சுரங்கம் இன்னும் சற்றுக் கிழக்கே. சிறு ரயிலில் மலைக்குள் 800 மீட்டர் போகலாம், உள்ளே வருடம் முழுக்க 12 டிகிரிதான், ஸ்வெட்டர் அவசியம். யென்பாக்கில் இறங்கினால் 1889 முதல் ஓடும் பற்சக்கர நீராவி ரயில் ஆகன் ஏரிக்கு ஏற்றிச் செல்லும். கோடைப் பருவத்தில் மட்டும். மேற்கே 1912இல் திறந்த மிட்டன்வால்ட் பாதையில் ஸேஃபெல்ட் வரை நாற்பது நிமிடம். வலப்பக்கம் உட்கார்ந்தாலும் இடப்பக்கம் உட்கார்ந்தாலும் பாதிக் காட்சி தவறும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று மாறிக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: மழை பெய்தால் என்ன செய்வது? மூன்று நாளும் மழை என்று செயலி காட்டுகிறது.

மலைகளுக்குத் தெற்கே ஓடுங்கள். வடக்கிலிருந்து மேகம் வந்து இங்கே முட்டிப் பெய்யும்போது, பிரென்னர் கணவாயைத் தாண்டிய இத்தாலியப் பக்கம் வெயிலாக இருப்பது வழக்கம். இரண்டு மணி நேர ரயிலில் போல்சானோ. 1991இல் பனியாற்றில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி என்ற மனிதனின் உடல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் திங்கட்கிழமை விடுமுறை, கவனம். எல்லை என்று தெரியாமலே கடந்துவிடுவீர்கள், ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஜெர்மனிப் பக்கம் போனால் ரயிலிலேயே சோதிப்பார்கள்.

ஊரிலேயே இருப்பதானால் ஹோஃப்கிர்ஹே தேவாலயம். மாக்ஸிமிலியனின் வெற்றுக் கல்லறையைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலான 28 வெண்கலச் சிலைகள் காவல் நிற்கின்றன. அவர் உடலோ வீனர் நொய்ஷ்டாட்டில். ஆம்ப்ராஸ் கோட்டையும் மழைக்கு ஏற்றது, நவம்பரில் மட்டும் மூடியிருக்கும். வாட்டன்ஸ் ஊரின் ஸ்வரோவ்ஸ்கி படிகக்கூடத்துக்கு இங்கிருந்து பஸ் உண்டு. அது ஆலை அல்ல, கலைக்கூடமும் பெரிய கடையும். கடைக்குள் கழியும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

துபாயிலிருந்து ஒருவர்: ஜூலையில் பிள்ளைகளுக்குப் பனி காட்ட வேண்டும். எங்கே?

ஸ்டூபாய் பனியாறு. ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், பிறகு கேபிள் கார். 3,210 மீட்டரில் பார்வை மேடை. கோடையில் பனி உருகாமல் இருக்கச் சில இடங்களில் வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார்கள்; "இது என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். குளிர்கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாமல் போகாதீர்கள். அடுத்த நாள் ஆல்பன்ஸூ மிருகக்காட்சிசாலை: ஆல்ப்ஸ் விலங்குகள் மட்டுமே உண்டு, தாடிக் கழுகு உட்பட.

திருச்சியிலிருந்து ஒருவர்: இன்ஸ்புருக் கார்டு வாங்கலாமா?

பல காட்சியிடங்களுக்கும் கேபிள் காருக்கும் சேர்த்து ஒரே அட்டை அது. ஹாஃபலேகார் வரை ஏறுவதாக இருந்தால் பெரும்பாலும் லாபம். அந்த ஒரு டிக்கெட்டே ஒரு நாள் அட்டையின் விலையில் பெரும்பகுதி. அட்டை 24, 48 அல்லது 72 மணி நேரம் செல்லும். நாள் கணக்கு அல்ல, முதல் பயன்பாட்டிலிருந்து மணிக் கணக்கு. வந்திறங்கிய மதியம் தேவாலயத்தில் தொடங்கி, மறுநாள் காலை மலையேறி, அங்கிருந்து படிகக்கூடம் என்று ஒரு நாள் அட்டையிலேயே மூன்றையும் முடிக்கலாம். வெளியூர்ச் சுற்றுலாதான் நோக்கம் என்றால் வேண்டாம். விடுதிகள் இலவசமாகத் தரும் விருந்தினர் அட்டை வேறு. அதில் எந்தெந்த பஸ் அடங்கும் என்று அறை பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

இல்லை. கேஸ்ஷ்பெட்ஸ்லே என்று சீஸில் புரட்டிய மாவுத் துணுக்குகள், கைசர்ஷ்மார்ன் என்ற உதிர்த்த இனிப்பு அப்பம் (முட்டை உண்டு, திராட்சையை ரம்மில் ஊற வைத்திருக்கலாம்). ஏமாறும் இடம் சூப்புதான். சீஸ் உருண்டை மிதக்கும் சூப் சைவம்போலத் தெரியும். தண்ணீர் பெரும்பாலும் மாட்டு எலும்பு வேகவைத்தது. உருண்டையை முட்டைக்கோஸ் சாலட்டோடு கேளுங்கள், தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ரயில் நிலையத்துச் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாயில் வருவது மலை ஊற்று.

ஹைதராபாத்திலிருந்து ஒருவர்: நவம்பர் முதல் வாரம் விடுதி மிக மலிவாக இருக்கிறது. வரலாமா?

மலிவுக்குக் காரணம் உண்டு. கோடை முடிந்து, பனிச்சறுக்குப் பருவம் தொடங்காத இடைவெளி அது. கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், பள்ளத்தாக்கு ஊர்களில் விடுதிகளே பூட்டியிருக்கும். ஈஸ்டருக்குப் பிறகும் இதே கதை. பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போடுங்கள். நவம்பர் நடுவில் தங்கக்கூரை முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடும்.

அதே நபர்: மியூனிக்கில் இறங்குகிறோம். அங்கிருந்து கார் எடுக்கலாமா?

நவம்பரில் வேண்டாம். பனிக்கால டயர் விதி, நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டியதற்கான வில்லை, பிரென்னர் பக்கம் போனால் தனிச் சுங்கம், ஊருக்குள் நிறுத்தக் கட்டணம். விமான நிலையத்திலிருந்து எஸ் 8 ரயிலில் மியூனிக் கிழக்கு நிலையம் வாருங்கள். இன்ஸ்புருக் போகும் விரைவு ரயில்கள் அங்கேயே நிற்கும். மத்திய நிலையம் வரை போய்ப் பெட்டியோடு திரும்ப வேண்டாம். ரயிலுக்கும் விமானத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள்.