மோனேயின் கடலோரத் தோட்ட ஓவியம் ஏன் தட்டையாகத் தெரிகிறது? அது இம்ப்ரெஷனிசம் தானா?

ஒரு காட்சியில் அந்த நேரத்து வெளிச்சமும் நிறமும் கண்ணில் எப்படிப் படுகிறதோ அதைப் பிடிக்கப் பார்க்கும் ஓவியப் பாணிதான் இம்ப்ரெஷனிசம். 1867 கோடையில், பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தை ஒட்டிய செயின்ட் அட்ரெஸில் பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே இதை வரைந்தபோது அந்தப் பெயரே கிடையாது, அவரும் நண்பர்களும் 1874-ல் பாரிஸில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகுதான் வந்தது. அதனால் இதைத் தொடக்கப்புள்ளி என்று சொல்லலாம்.

சரி, தட்டை ஏன்? மோனே உயரத்தில் இருந்து பார்த்து வரைந்திருக்கிறார். மொட்டைமாடியில் நின்று தெருவைப் பார்த்தால் ஒருவர் இன்னொருவரை மறைக்காமல், தரையே எழுந்து நிற்பதுபோல் இருக்குமே, அதேதான். தோட்டம், கடல், வானம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பட்டையாகிவிடுகின்றன, இரண்டு கொடிக்கம்பங்களும் செங்குத்தாக நின்று அவற்றைச் சேர்த்துக் கட்டுகின்றன. அப்போது பாரிஸில் பரவிக்கொண்டிருந்த ஜப்பானிய மரஅச்சுப் படங்களின் (அவையும் இப்படித் தட்டையாகத்தான் இருக்கும்) பாதிப்பு இது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் பூக்களில் இதழே இல்லை, வெறும் சிவப்புத் தீற்றல்கள். முன்னால் பனாமா தொப்பியோடு உட்கார்ந்திருப்பவர் மோனேயின் அப்பா (மகனின் போக்கு அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காத காலம் அது!). ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம், மங்கலாக வரைந்தால்தான் இம்ப்ரெஷனிசம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இதில் நாற்காலிகளின் நிழல்கூடக் கூர்மையாகத்தான் விழுந்திருக்கிறது.