பன்னெண்டும் ஒரே மாதிரி கட்டுங்க

இந்த மாசம் பெங்களூர்ல இருந்து வந்த கேள்விகள்ல முக்காவாசி ஃப்ளை பத்திதான். படிக்கப் படிக்க அவ்ளோ சந்தோஷம். புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரில சொல்லிடறேன்: மண்புழுவோ மாவோ இல்லாம, தூண்டில் முள்ளுலயே இறகு, நூல், ரோமம் எல்லாம் சுத்தி ஒரு பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ கட்டறதுக்குப் பேருதான் ஃப்ளை. பல பேர் ஆளுக்கு ஒரு மாடல் கட்டி, தங்களுக்குள்ள மாத்திக்கறது ஃப்ளை ஸ்வாப்.

கேள்வி: அண்ணா, நான் அல்சூர்ல இருக்கேன். நண்பர் ஒருத்தர் சொல்லி ஃப்ளை ஸ்வாப் ஒண்ணுல பேர் குடுத்துட்டேன். மொத்தம் பன்னெண்டு பேரு, ஆளுக்கு பன்னெண்டு கட்டி அனுப்பணுமாம். நான் மூணு மாசமாத்தான் கட்டறேன், இதுவரைக்கும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வந்ததே இல்ல. எதைக் கட்டறது, எப்படி அனுப்பறது?

ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வரலைன்னு சொல்றீங்க இல்ல, அது சரியாகணும்னா ஸ்வாப்ல சேர்றதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. வீட்ல தனியா கட்டும்போது ரெண்டு கட்டினதும் அலுத்துப்போய் அடுத்த மாடலுக்குத் தாவிடுவோம், கை எதையும் பழகாது. ஒரே ஃப்ளையை பன்னெண்டு தடவை கட்டும்போது நாலாவதுல நூலை எவ்ளோ இறுக்கணும்னு புரியும், ஏழாவதுல வால் நீளம் கண்ணாலயே அளக்க வரும், பத்தாவது கட்டும்போது மனசு வேற எங்கயோ இருக்கும், கை தானா வேலை பண்ணும்.

ஊலி பக்கர்ங்கற மாடலைக் கட்டுங்க, ஆலிவ் கலர்ல, 10-ஆம் நம்பர் முள்ளுல. இந்த நம்பர் தலைகீழானது, நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், 16-ஆம் நம்பர்ல முதல் ஸ்வாப் கட்டப் போனீங்கன்னா கண்ணு போயிடும். ஊலி பக்கர் ஏரில நீந்தற தட்டான் குஞ்சு மாதிரியும் தெரியும், குட்டி மீன் மாதிரியும் தெரியும், அதனால வாங்கறவங்க யாருக்கும் அது வீணாப் போகாது.

உக்கார்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பன்னெண்டு பங்கா பிரிச்சு வெச்சுக்கோங்க, நான் வீட்ல சாப்பாட்டு மேஜைல நியூஸ்பேப்பர் விரிச்சு அதுமேல வரிசையா வெப்பேன்: மணி கோத்த முள்ளு, வாலுக்கு ஒரு சிட்டிகை மராபூ (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கற இறகு), உடம்புக்கு நாலு இன்ச் செனீல் (புசுபுசுன்னு இருக்கற தடி நூல்), மேல சுத்த ஒரு சேவல் இறகு. வால் முள்ளோட தண்டு நீளம்தான் இருக்கணும், அதுக்கு மேல போனா மீன் வாலைக் கடிச்சு இழுத்துட்டு விட்டுடும். மராபூவைக் கட்டறதுக்கு முன்னாடி விரலை நனைச்சு ஒரு தடவை நீவிப் பாருங்க, காஞ்சிருக்கும்போது கொழுகொழுன்னு தெரியறது நனைஞ்சா ஈர்க்குச்சி கணக்கா ஒல்லியாயிடும், தண்ணிக்குள்ள மீன் பாக்கப் போறது அந்த ஒல்லியைத்தான். அப்புறம் நூலால தண்டு முழுக்க நெருக்கமா ஒரு அடிச்சுத்து சுத்திட்டுத்தான் மத்ததெல்லாம். இல்லன்னா மொத்த உடம்பும் முள்ளு மேல மோதிரம் மாதிரி சுத்தும். கட்டி முடிச்சதும் உடம்பை ரெண்டு விரலால பிடிச்சு லேசா திருகிப் பாருங்க, சுத்திச்சுன்னா அதை அனுப்பாதீங்க. பதினஞ்சு கட்டி அதுல பன்னெண்டு எடுங்க.

இன்னொண்ணு, முள்ளோட கண்ணு, அதாவது தூண்டில் நரம்பைக் கோக்கற ஓட்டை. என் முதல் ஸ்வாப்ல முடிச்சு மேல வெக்கற வார்னிஷ் வழிஞ்சு நாலஞ்சு ஃப்ளைல கண்ணு அடைஞ்சு போயிருக்கு, நான் கவனிக்கவே இல்ல. அதுல ஒண்ணு வாங்கினவர் காலங்காத்தால ஏரிக்கரைல விரல் விறைச்சுப் போய் நின்னுக்கிட்டு நரம்பைக் கோக்கப் பாத்திருக்கார், நுழையவே இல்ல. கோவமே இல்லாம ரெண்டு வரி எழுதியிருந்தார், அதான் எனக்கு இன்னும் உறைச்சுது. அன்னைல இருந்து ஈரம் காயறதுக்குள்ள ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு ஊசியை விட்டு எடுத்துடறேன். நீங்களும் பண்ணுங்க.

அனுப்பறது ஈஸி. ஒவ்வொரு ஃப்ளையோட முள்ளுலயும் சின்ன பேப்பர் டேக் குத்துங்க, அதுல உங்க பேர், ஃப்ளை பேர், முள்ளு நம்பர் மூணும் இருக்கணும். பஞ்சுல வெக்காதீங்க, பிரிக்கறப்ப இறகெல்லாம் பிஞ்சு வரும், டப்பாக்குள்ள தெர்மோகோல் துண்டு வெச்சு அதுல குத்துங்க. ஷூ டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டையும் ஒண்ணு போடுங்க, பெங்களூர் மழைக்கு முள்ளு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்வாப்பை நடத்தறவர் எல்லாத்தையும் பிரிச்சு ஆளுக்கு ஒரு செட்டா திருப்பி அனுப்புவார், அந்த ரிட்டர்ன் கூரியர் செலவை அவர் தலைல கட்டாம முன்னாடியே குடுத்துடுங்க. கடைசி தேதியைத் தாண்டாதீங்க, நீங்க லேட் பண்ணா மீதி பதினோரு பேரும் காத்திருக்கணும்.

கேள்வி: என் மச்சான் மினசோட்டால இருக்கார். அங்க லேக் ட்ரவுட் பிடிக்கப் போறாராம், ஃப்ளை கட்டி அனுப்புங்கன்னு கேக்கறார். ஊட்டி ஏரிங்கள்ல இருக்கறதும் லேக் ட்ரவுட்தானே சார், அதே ஃப்ளையை அனுப்பலாமா? (கே.ஆர்.புரம் வாசகி)

இல்லம்மா, ரெண்டும் வேற வேற மீன். அங்க லேக் ட்ரவுட்னு சொல்றது ‘சார்’ (char) அப்படிங்கற மீன் வகையைச் சேர்ந்தது, வட அமெரிக்காவோட ஆழமான குளிர்ந்த ஏரிகள்ல வாழற மீன், மெதுவா வளரும், ரொம்ப வருஷம் இருக்கும். உலக சாதனை மீன் கனடாவுல கிரேட் பேர் ஏரில 1995-ல பிடிச்சது, 72 பவுண்டு, நம்ம கணக்குல 32 கிலோவுக்கு மேல. நீலகிரில இருக்கறது ரெயின்போ ட்ரவுட், அதுவும் அமெரிக்கப் பக்கத்து மீன்தான், வெள்ளைக்காரங்க காலத்துல கொண்டு வந்து விட்டது, 1907-ல அவலாஞ்சில குஞ்சு பொரிப்பகம் வெச்சு வளர்த்தாங்க. அது ஏரிலயும் இருக்கும், ஓடைலயும் இருக்கும்.

உங்க மச்சானுக்கு வேண்டியது பெரிய ஃப்ளை, மூணு நாலு இன்ச் நீளத்துல, வெள்ளையும் வெள்ளியும் கலந்து குட்டி மீன் மாதிரி, தலைல கனமா கண்ணு வெச்சது. பனி உருகி ஏரி திறக்கற மே மாசத்துல அந்த மீன் கரையோரம் வரும், அப்பத்தான் ஃப்ளைக்குச் சிக்கும், தண்ணி சூடாக ஆரம்பிச்சா பத்து டிகிரி குளிர் தேடி ஆழத்துக்கு இறங்கிடும். அதனால மே மாசத்துக்கு முன்னாடி அவர் கைல கிடைக்கற மாதிரி அனுப்புங்க, மூழ்கற லைன் வெச்சிருக்காரான்னும் கேட்டுக்கோங்க. மயில் தோகையைச் சேர்த்துக் கட்டி அனுப்பிடாதீங்க, நம்ம நாட்டுல இருந்து மயில் இறகு ஏற்றுமதி பண்ணத் தடை இருக்கு.

கேள்வி: சிவாஜிநகர் கறிக்கடைல கிடைக்கற கோழி இறகு போதுமா? ஒருத்தர் காட்டுக்கோழிக் கழுத்து இறகு தர்றேங்கறார்.

காட்டுக்கோழி வேணவே வேணாம். அந்தக் கழுத்து இறகுல மெழுகு சொட்டின மாதிரி மஞ்சப் புள்ளி இருக்குமே, பழைய காலத்து சால்மன் ஃப்ளைக்காக அதுக்கு வெளிநாட்டுல அவ்ளோ கிராக்கி இருந்துது, நம்ம காட்டுப் பறவை அதனாலயே எவ்ளோ செத்திருக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை அது. தர்றேன்னு சொன்னவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்க.

கறிக்கடை பிராய்லர்ல அடிவயித்துப் பஞ்சு இறகு நல்லா உதவும், மராபூக்கு பதிலா வாலுக்கு வெக்கலாம். மேல சுத்தற இறகுக்கு மட்டும் வளர்ந்த நாட்டுச் சேவல் வேணும், கழுத்துலயும் முதுகுலயும் இருக்கற நீளமான இறகு. ஷாம்பூ போட்டு அலசி நிழல்ல காயவெச்சு, ஜிப் கவர்ல போட்டு சில நாள் ஃப்ரீசர்ல வெச்சுட்டு அப்புறம் எடுங்க, இல்லன்னா பூச்சி புகுந்து மொத்தத்தையும் பொடியாக்கிடும்.

கேள்வி: ஸ்வாப்ல வந்த பதினோரு ஃப்ளையோட ரெண்டு தடவை ஊட்டிப் பக்கத்துல இருக்கற எமரால்டு ஏரிக்குப் போனேன் அண்ணா, பெர்மிட் எல்லாம் வாங்கிட்டுத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு ஃப்ளை மாத்தி எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன், ஒரு கடி கூட இல்ல. ஃப்ளை சரியில்லையா, நான் சரியில்லையா? (கம்மனஹள்ளி வாசகர்)

ரெண்டும் இல்ல, நேரம். ராத்திரி ஒன்பதுல இருந்து காலைல ஆறு வரைக்கும் பந்திப்பூர் ரோடு மூடியிருக்கும், அந்த வழியா நீங்க பெங்களூர்ல இருந்து எவ்ளோ சீக்கிரம் கிளம்பினாலும் ஏரிக்குப் போய்ச் சேர பத்து, பதினொண்ணு ஆயிடும். அதுக்குள்ள வெயில் நேரா தண்ணில விழும், கரையோரம் மேய்ஞ்ச மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கும். ட்ரவுட்டுக்கு பத்துல இருந்து பதினாறு டிகிரி தண்ணி பிடிக்கும், இருபதைத் தாண்டினா அதுக்குத் திண்டாட்டம். ஒரு ராத்திரி ஊட்டிப் பக்கம் தங்குங்க, பெர்மிட்ல எத்தனை மணில இருந்து விடறாங்கன்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்கிட்டு, விடற முதல் நிமிஷமே கரைல இருங்க.

அடுத்தது, ஓடை மீன் ஒரே இடத்துல நின்னு தண்ணி கொண்டு வர்றதைச் சாப்பிடும், ஏரில தண்ணி எதையும் கொண்டு வராது, அதனால மீன்தான் சுத்தி வரும். நீங்க ஃப்ளையை மாத்திக்கிட்டு இருந்த அந்தப் பத்து நிமிஷத்துல மீன் அந்தப் பக்கமே வராம இருந்திருக்கலாம், வந்தப்பவும் உங்க ஃப்ளை அது நீந்தற ஆழத்துக்கு மூணு அடி மேல போயிருக்கலாம். அதனால ஃப்ளையை மாத்தாதீங்க, ஆழத்தை மாத்துங்க. எறிஞ்சதும் எண்ணுங்க. அஞ்சு எண்ணி இழுங்க, அடுத்த தடவை பத்து, அப்புறம் பதினஞ்சு. மெதுவா மூழ்கற இன்டர்மீடியட் லைன்னா ஒரு செகண்டுக்கு ஒன்றரை இன்ச் இறங்கும், இருபது எண்ணினா ரெண்டரை அடி. முள்ளுல பாசி வந்துச்சுன்னா அடியைத் தொட்டுட்டீங்க, அதுல இருந்து அஞ்சைக் குறைச்சுக்கோங்க, பெரும்பாலும் மீன் பாசிக்குக் கொஞ்சம் மேலதான் மேயும்.

போன பிப்ரவரில நான் அங்க நின்னப்போ பதினஞ்சுக்கு ஒண்ணும் இல்ல, இருபத்தஞ்சுக்கு முள்ளு நிறைய பாசி, சரின்னு இருபதுலயே நின்னுட்டேன். ஒரே பழுப்பு ஃப்ளை, யாரோ ஒரு நல்ல மனுஷன் ஸ்வாப்ல கட்டிக் குடுத்தது. லைனை உள்ளங்கைல எட்டு போடற மாதிரி சின்னச் சின்னதா சுருட்டிக்கிட்டே இருக்கேன், வெடுக்குன்னு எதுவும் இழுக்கல, தண்ணில படுத்திருந்த லைன் மட்டும் லேசா நேராச்சு, ஈரத் துணியைத் தொட்டு எடுக்கற மாதிரி ஒரு கனம். ராடைத் தூக்காம கையாலயே லைனை இழுத்தேன், அதுக்கப்புறம்தான் தண்ணி கலங்குச்சு. இதுக்குத்தான் ரெண்டு மணி நேரம் எண்ணிக்கிட்டு நின்னேன்.

ஒவ்வொரு தடவையும் ஃப்ளை கரைக்குப் பக்கத்துல வந்ததும் உடனே தூக்கிடாதீங்க, பத்து செகண்ட் அப்படியே நிறுத்துங்க. பின்னாடியே வந்த மீன், ஃப்ளை நின்னு மேல எழும்பறப்பத்தான் பல தடவை பிடிக்கும். தண்ணிக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடி கரையை ஒட்டியே பத்து தடவை எறியுங்க, காலைல மீன் முழங்கால் ஆழத்துல கூட இருக்கும்.

பதினொண்ணுல எதைப் போடறதுன்னு கேட்டீங்கன்னா, சாயங்காலம் நம்ம பெங்களூர் ஏரிக்கரைல லைட்டைச் சுத்தி கூட்டமா மொய்க்குமே, கொசு மாதிரி இருக்கும் ஆனா கடிக்காது, அதே சாதிப் பூச்சிதான் ட்ரவுட் ஏரிலயும் முக்கியமான தீனி. அதோட புழு அடிமண்ணுல ரத்தச் சிவப்பா இருக்கும், ஆக்சிஜன் கம்மியான சேத்துல வாழறதுக்காக அதோட உடம்புல ஹீமோகுளோபின் இருக்கு. அது கூட்டுப்புழுவாகி மெதுவா மேல வர்றதைத்தான் பஸ்ஸர்னு ஒல்லியா கட்டுவாங்க, உங்க டப்பால கருப்பா சிவப்புக் கோடு போட்டு ஒண்ணு இருந்தா அதுதான். அதை இழுக்கவே இழுக்காதீங்க, காத்து தள்ளற வேகமே போதும். நாணல் இருக்கற கரைன்னா ஊசித்தட்டான் குஞ்சு, பச்சைல மெல்லிசா இருக்கும், அது கரையை நோக்கி நீந்தி வந்துதான் நாணல்ல ஏறும், அதனால நீங்க கரைல நின்னு இழுக்கறது அதோட இயல்புக்கே சரியா வரும். இந்த ரெண்டைத் தவிர மத்ததை எல்லாம் ரூம்லயே வெச்சுட்டுப் போங்க.

எதிர்முள்ளை பிளையரால அமுக்கிடுங்க, மீனைத் தொடறதுக்கு முன்னாடி கையை நனைச்சுக்கோங்க. முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள்ள மட்டும் ராடை எடுக்காதீங்க.

மீன் பட்டுச்சோ படலையோ, அந்த ஃப்ளையோட டேக்ல இருக்கற பேருக்கு எந்த ஏரி, எத்தனை எண்ணினீங்க, எப்படி எடுத்துச்சுன்னு ஒரு நாலு வரி எழுதிப் போடுங்க. பன்னெண்டு கட்டி அனுப்பினவர் அதுல ஒண்ணாவது தண்ணியைப் பாத்துச்சான்னு தெரிஞ்சுக்கக் காத்துக்கிட்டு இருப்பார்.