மனைவியுடன் வாரக்கடைசிப் பயணம் போக, ஒன்றரை லட்சத்துக்குள் எந்த பைக்?

நாகர்கோவிலில் வசிக்கும் நீங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு திற்பரப்பு, முட்டம், சீசன் நேரத்தில் குற்றாலம் வரை போய்வர, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் அலுப்புத் தராத வண்டி எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோண்டா யூனிகார்ன் என்பதே என் பதில். ஆனால் முன்பணம் கட்டும் முன் உங்கள் மனைவி அதில் ஏறி உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும். ஏனெனில் பயணத்தின் சிரமம் பெரும்பாலும் பின்னிருக்கையில் இருப்பவருக்கே.

பின்னிருக்கை ஏறத்தாழ பின்சக்கரத்துக்கு மேலேயே அமைந்திருப்பதால், ஓட்டுபவருக்கு லேசாகத் தெரியும் குழி, பின்னால் இருப்பவரின் இடுப்பில் நேராக இடிக்கிறது. ஓட்டுபவராவது குழியை முன்கூட்டியே பார்த்து உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே ஷோரூமில் மைலேஜ் பற்றிக் கேட்பதற்கு முன், அவரைப் பின்னால் அமரச் சொல்லி முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். கால்மிதி உயரமாக இருந்தால் தக்கலை தாண்டும் முன்பே இடுப்பு கடுக்கத் தொடங்கிவிடும். இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: உட்கார்ந்தவுடன் மெத்தென்று இருக்கும் நுரை, ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடித்தட்டை உணரவைக்கும், சற்று உறுதியான நுரையே நெடும்பயணத்துக்கு உதவும். கைப்பிடிக் கம்பி எட்டும் தூரத்தில் இருக்கிறதா, சேலைக் காப்பு முறையாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். சோதனை ஓட்டத்தையும் வழவழப்பான சாலையில் தனியாகச் செய்யாமல், அவரையும் ஏற்றிக்கொண்டு உடைந்த சாலை ஒன்றில் செய்யுங்கள்.

யூனிகார்னின் 162.7 சிசி எஞ்சின் வேகப்பிரியர்களுக்கானதன்று. எனினும் இருவரை ஏற்றிக்கொண்டு அதிராமல் இழுக்கிறது. நீளமான ஒற்றை இருக்கை இருவருக்கும் தாராளமாகப் போதும். 13 லிட்டர் டேங்க் ஒரு நாள் பயணத்துக்குத் தாங்கும். தொகையைச் சற்று நீட்ட முடிந்தால் 225.9 சிசி டிவிஎஸ் ரோனினையும் பார்க்கலாம்; கீரிப்பாறை போன்ற ஏற்றங்களில் அடிக்கடி கியர் மாற்றும் வேலை குறையும். பஜாஜ் அவெஞ்சர் ஓட்டுபவருக்குச் சாய்வு நாற்காலி போன்ற சுகம் தரும் என்றாலும், பின்னால் இருப்பவரையும் மனதில் வைத்தால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குற்றாலம் போவதானால் வேறொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்துவந்து, முப்பந்தல் காற்றாலைகளுக்கு அருகே எடை குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். யூனிகார்ன் ஏறத்தாழ 140 கிலோதான். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, பேருந்துகளையும் லாரிகளையும் ஒட்டிச் செல்லாமல் போக வேண்டும். அந்த வழியில் அடிக்கடி போவீர்கள் என்றால், 2020 இறுதியில் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 பழைய வண்டியாகக் கிடைக்குமா என்று தேடுங்கள். 191 கிலோ எடையால் காற்றில் நிலையாக நிற்கும். இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர்தான் என்பதால் ஏறி இறங்குவதும் எளிது.

பழைய வண்டியின் விலையைப் பேசும்போது, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதை நினைவில் வையுங்கள். பழைய விலைப்பட்டியலைக் காட்டி விற்க முயன்றால் இன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பேசலாம். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் கேரளப் பதிவு வண்டி மலிவாகத் தோன்றினால், தடையின்மைச் சான்றையும் தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய சாலை வரியையும் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுங்கள்.

எதை வாங்கினாலும், பின் ஷாக் அப்சார்பரில் சுமைக்கேற்ப மாற்றும் வசதி இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி இருவர் எடைக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பின் டயருக்கு, இருவர் செல்வதற்கென்று கையேட்டில் குறிப்பிட்டுள்ள காற்றழுத்தத்தை, டயர் சூடேறும் முன் காலையிலேயே நிரப்பிவிடுங்கள்.